ராமன் விளைவைப் பார்த்த இன்னொரு ஜோடிக் கண்கள்... வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணனைத் தெரியுமா?

பிப்ரவரி 28 வந்தால் போதும், தலைப்பாகை கட்டிய சர் சி.வி.ராமன் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் வரிசையாக வந்துபோவார். தேசிய அறிவியல் தினம். 1928-ல் அந்த நாளில்தான் ராமன் விளைவு உறுதியானது. இரண்டே வருஷத்தில் நோபல் பரிசும் வந்தது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு மதியம் கல்கத்தாவின் அந்த ஆய்வகத்தில் ராமனோடு இன்னொருத்தரும் இருந்தார். வயசு 29. நம்ம விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்காரர். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் சோதனைக்குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து, இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்பட வைக்கிற ஒரு மங்கலான வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக, கே.எஸ்.கிருஷ்ணன்.

அப்போ ராமன் இவரை ஏமாத்திட்டாரா? ரீல்ஸ் பார்த்துப் பழகின மனசு முதல்ல அதைத்தான் கேட்கும். அந்தக் கேள்விக்கு வருவோம். அதுக்கு முன்னாடி அவர் என்ன பார்த்தார்னு தெரிஞ்சுக்கணும். இல்லைன்னா பஞ்சாயத்து மட்டும்தான் மிஞ்சும்.

மதிய உணவு நேர வகுப்பு

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் வத்திராயிருப்பு. அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் சம்ஸ்கிருதமும் படித்தவர். அந்தப் படிப்பு மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அவருக்கு இலக்கியம் பொழுதுபோக்கு அல்ல, இன்னொரு துறை. சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூடம். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

படித்த கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. மாணவர்களுக்குச் சோதனை செய்துகாட்டுகிற வேலை, அவ்வளவுதான். ஆனால், மதிய உணவு இடைவேளையில் அவர் ஒரு கூட்டம் நடத்தினார். இயற்பியல், வேதியியல், கணிதம்... எதிலிருந்தும் என்ன சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள் என்றால், அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று யோசிச்சுப் பாருங்க.

அங்கிருந்து 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் பௌபஜார் தெருவில் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமன் ஒரு பட்டாளத்தையே வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் அதில் சேர்ந்தார்.

அழுக்கா, உண்மையா?

பட்டாளத்தின் வேலை என்ன? திரவத்துக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, பக்கவாட்டில் சிதறி வருவதைப் பார்ப்பது. கேட்க சாதாரணமாக இருக்கும். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து ராமன் ஆரம்பித்த வேலை இது. தண்ணீரே வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதனால்தான் அந்த நிறம் என்று அவர் காட்டினார்.

இதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. 1923-ல் அதே ஆய்வகத்தில் கே.ஆர்.ராமநாதன் ஒன்றைக் கவனித்தார். ஊதா வெளிச்சத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டால், வெளியே வருவதும் ஊதாவாகத்தானே இருக்க வேண்டும்? கூடவே வேறு நிறத்திலும் ரொம்ப மங்கலாக ஏதோ வந்தது. தண்ணீரில் அழுக்கு இருக்கும், அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். சுத்தம் செய்தார்கள். போகவில்லை. திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. கிருஷ்ணனே சில வருஷம் கழித்து வேறு திரவங்களில் அதைப் பார்த்தார். ஆனாலும் எல்லாரும் அழுக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ரீடிங் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் முதல் சந்தேகம் நம்ம மேலேயேதான் வரும். குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ?

இதற்கிடையில் கிருஷ்ணன் சோதனையை விட்டுக் காகிதத்துக்குப் போய்விட்டார். ராமனும் அவரும் சேர்ந்து 1927-ல் ஒரு கோட்பாட்டை எழுதினார்கள். திரவத்துக்கு இரண்டு பக்கமும் மின்தகடு வைத்து அதிக வோல்டேஜ் கொடுத்தால், உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் கொஞ்சம் ஒரே திசையில் திரும்பும். அதன் வழியே போகும் வெளிச்சத்தின் நடையும் மாறும். இதற்குக் கெர் விளைவு என்று பெயர், 1875-லிருந்தே தெரிந்த விஷயம். ராமனும் கிருஷ்ணனும் சொன்ன புது விஷயம், திரவத்தில் எந்த மூலக்கூறும் தனியாக இல்லை என்பது. நெரிசலான டவுன் பஸ்ஸில் நிற்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்ப முடியும் என்பதை உங்கள் விருப்பம் மட்டுமா முடிவு செய்கிறது? பக்கத்தில் நிற்பவரின் முழங்கையும் சேர்ந்துதானே! மூலக்கூறுக்கும் அப்படித்தான். பக்கத்து மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இடிப்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த பஸ்ஸை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

அந்த மூன்று வாரம்

1928 பிப்ரவரி தொடக்கம். கோட்பாட்டிலேயே மூழ்கியிருந்தது போதும், விஞ்ஞானி ரொம்ப நாள் சோதனையை விட்டு விலகி இருக்கக் கூடாது என்று ராமன் அவரை இழுத்து வந்தார். கிருஷ்ணன் டைரி எழுதுபவர். பிப்ரவரி 5-லிருந்து அந்த நாள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியாவின் மிகப் பெரிய அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று, நாள் வாரியாக ஒரு மனுஷர் கையெழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பது அபூர்வம்.

கருவிகள் ரொம்ப எளிமை. வெளிச்சத்துக்குச் சூரியன். அதைக் குவிக்க 18 செ.மீ அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸ் ஒன்று, சின்ன லென்ஸ் இன்னொன்று. காற்றை நீக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் பலமுறை வடித்துச் சுத்தம் செய்த திரவம். இரண்டு வடிகட்டிகள். ஒன்று ஊதா-நீலத்தை மட்டும் விடும். இன்னொன்று அந்த ஊதா-நீலத்தை மட்டும் அடைத்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் முழு இருட்டு. இப்போது முதல் வடிகட்டியைத் திரவத்துக்கு முன்னாலும், இரண்டாவதைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால், திரவத்துக்குள் வெளிச்சத்தின் நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

தெரிந்தது. சுமார் 60 திரவங்களில் தெரிந்தது. 60 திரவத்திலும் ஒரே மாதிரி அழுக்கா இருக்கும்?

பிப்ரவரி 7 அன்று இன்னொரு முக்கியமான விஷயம் பிடிபட்டது. அழுக்கு ஒளிர்ந்தால் அந்த வெளிச்சத்தின் அதிர்வு பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கலந்து வரும். இங்கே வந்ததோ பெருமளவு ஒரே திசையில் அதிர்ந்தது. அதாவது, சிதறல் வெளிச்சத்தின் குணம். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த வெங்கடேஸ்வரனோடு கிருஷ்ணன் அறையில் பேசிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது இருக்கும். கீழேயிருந்து ராமனின் குரல். இறங்கிப் போனால், மனுஷர் நிலைகொள்ளாமல் நிற்கிறார். காலையில் பார்த்தது இத்தனை நாளாகத் தேடிய புதுச் சிதறலாகத்தான் இருக்க வேண்டும் என்று, வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் பேசித் தீர்த்தார். காலை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இந்த வாசல்தான்.

பிப்ரவரி 16 தேதியிட்டு இருவர் பெயரிலும் நேச்சர் இதழுக்குக் குறிப்பு போனது. 27-ம் தேதி கிருஷ்ணன் ஆய்வகத்துக்கே போகவில்லை, வீட்டில் ஒரு சடங்கு. 28-ம் தேதி மதியம்தான் போனார். அன்றைக்கு நிறமாலைமானி வழியாகப் பார்த்தபோது, உள்ளே அனுப்பிய நிறமும் புது நிறமும் தனித்தனியாக, நடுவில் ஒரு கறுப்பு இடைவெளியோடு தெரிந்தன. இனி சந்தேகமே இல்லை.

என்ன நடந்தது என்பதை டோல்கேட் வைத்துச் சொல்லலாம். வெளிச்சம் ஒரு மூலக்கூறைத் தாண்டும்போது, பெரும்பாலும் சும்மா விட்டுவிடுவார்கள். எப்போதாவது ஒருமுறை, கிட்டத்தட்ட ஒரு கோடியில் ஒன்றுக்கு, கட்டணம் பிடிப்பார்கள். அந்த ஆற்றலை வைத்து மூலக்கூறு அதிரும்; வெளிச்சம் கொஞ்சம் இளைத்து, வேறு நிறத்தில் வெளியே வரும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கட்டண விகிதம் தனி. எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்த்தால், எந்த டோல்கேட் என்று சொல்லிவிடலாம்.

சரி, பஞ்சாயத்து

முதல் குறிப்பு மார்ச் 31 நேச்சரில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் வந்தது. ஏப்ரலில் வந்த அடுத்த குறிப்பில் ராமன் பெயர் மட்டும். மார்ச் 16 அன்று பெங்களூரில் பேசியதும் ராமன்தான். மே மாதக் குறிப்பில் மறுபடி இருவரும். ஜெர்மன் விஞ்ஞானி பிரிங்ஸ்ஹைம் இதற்கு ராமன் விளைவு என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்தது. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

ராமன் கிருஷ்ணனை மறைத்துவிடவில்லை. நோபல் உரையிலேயே அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். கேள்வியைக் கேட்டு, ஏழு வருஷம் விடாமல் துரத்தி, அது அழுக்கு இல்லை என்று முதலில் துணிந்தவர் ராமன். அந்தப் பரிசு அவருக்குப் போனதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், பரிசு ஒருத்தருக்குத்தான் என்பதற்காக, முதல் குறிப்பில் இருக்கிற பெயரை ஸ்டேட்டஸ்களில்கூடச் சொல்லாமல் விடுவது எந்த ஊர் நியாயம்? ஒருத்தரைத் திருடன் ஆக்கினால்தான் இன்னொருத்தரைக் கொண்டாட முடியும் என்பதும் தப்பு.

கிருஷ்ணன் இதை வைத்துச் சண்டைக்குப் போகவில்லை. அந்த வருஷக் கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பாச்சை உருண்டைக்குள் ஒரு தேடல்

டாக்காவில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். ஆமாங்க, போஸான் துகளுக்குப் பெயர் கொடுத்த அதே போஸ். அங்கே கிருஷ்ணன் வெளிச்சத்திலிருந்து காந்தத்துக்கு மாறினார். ஆனால் கேள்வி மாறவில்லை: மூலக்கூறுகள் பக்கத்துப் பக்கத்தில் எப்படி நிற்கின்றன?

பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாப்தலீன். ஆறு மாசத்தில் அது தானாகக் கரைந்து காணாமல் போகிறதே, ஏன்? ஒரு மூலக்கூறுக்குள் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. ஆனால், ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருப்பது ரொம்ப பலவீனமான ஈர்ப்பு. அறை வெப்பத்திலேயே ஒவ்வொன்றாகக் கழன்று காற்றில் போய்விடும்.

இந்த நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களை கிருஷ்ணன் ஆராய்ந்தார். அவரும் பானர்ஜியும் 1930-களில் உருவாக்கிய ஒரு முறை அவ்வளவு அழகு. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் வைப்பார்கள். படிகம் தனக்கு வசதியான திசையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாகத் திருக்கிக்கொண்டே போவார்கள். படிகம் பிடிவாதமாக நிற்கும், நிற்கும்... ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும். எத்தனை சுற்றில் புரண்டது என்று எண்ணினால் போதும், அதன் காந்த குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். அதிலிருந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம்.

1933-ல் ராமன் பெங்களூருக்குப் போனார்; அதே வருஷம் கிருஷ்ணன் கல்கத்தா கழகத்துக்கே, மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியராகத் திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத். 1946-ல் சர் பட்டம். நாடு விடுதலை அடைந்தபோது டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர். அணுசக்தி ஆணையத்தின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். 1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது. பட்டியல் நீளம்தான். நான் சொல்ல வந்தது அது இல்லை.

லேசர் வந்தது, அவர் போனார்

1928-ல் அவர்கள் தொட்ட கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனை லேசாகப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்போடு ஒப்பிட்டால் பலம் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. ஆனால் தண்ணீர் திரவமாக இருப்பதற்கும், உங்கள் டி.என்.ஏ-வின் இரண்டு இழைகள் ஒட்டி நிற்பதற்கும் இந்தச் சோப்ளாங்கிப் பிணைப்பு பெரிய காரணம்.

டோல்கேட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நீராவியில் மூலக்கூறு தனியாக இருப்பதால் கட்டணம் கச்சிதம். கோடு மெல்லிசாக விழும். திரவத் தண்ணீரில் அதே கோடு இடம் நகர்ந்து, அகலப் பட்டையாகப் பரவிவிடும். ஏனென்றால், ஒவ்வொரு மூலக்கூறையும் பக்கத்து ஆள் வெவ்வேறு அளவில் இழுத்துப் பிடித்திருக்கிறார், ஆளுக்கொரு கட்டணம். அந்தப் பிடி விநாடிக்கு விநாடி மாறினால்கூடப் பரவாயில்லை. விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிக்கோ விநாடி அளவில் விட்டு விட்டுப் பிடிக்கிறது. உங்கள் மொபைலின் ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் 400 கோடி பிக்கோ விநாடி ஓடிப்போயிருக்கும். சூரிய வெளிச்சத்தையும் கண்ணையும் வைத்து இதை எப்படிப் படம் பிடிப்பது?

அதற்கு வேறு வெளிச்சம் வேண்டும். 1960 மே மாதம் அமெரிக்காவில் மெய்மான் முதல் லேசரை ஒளிரவைத்தார். ஒரு வருஷம் கழித்து, 1961 ஜூன் 14 அன்று கிருஷ்ணன் மாரடைப்பில் காலமானார். வயசு 62. தன் வேலைக்கு அந்த வெளிச்சம் என்ன செய்யப்போகிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

என்ன செய்தது தெரியுமா? பிற்பாடு லேசரை ஃபெம்டோ விநாடி, அதாவது பிக்கோ விநாடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் எண்ணக்கூடிய துடிப்புகளாக வெட்டக் கற்றுக்கொண்டார்கள். முதல் துடிப்பு திரவத்தைத் தட்டும். இரண்டாவது துடிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, என்ன ஆச்சு என்று பார்க்கும். தாமதத்தை எப்படி அளப்பது? எந்தக் கடிகாரமும் உதவாது. ஒரு கண்ணாடியை நகர்த்துவார்கள், அவ்வளவுதான். பிக்கோ விநாடியில் வெளிச்சம் போகும் தூரம் 0.3 மி.மீ. கண்ணாடியை 0.15 மி.மீ பின்னால் தள்ளினால், போய் வரும் தூரம் சேர்ந்து இரண்டாவது துடிப்பு சரியாக ஒரு பிக்கோ விநாடி தாமதமாகும்.

இப்போ அந்த டவுன் பஸ்ஸுக்கு வாங்க. டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்கிறார்கள். கூட்டம் எவ்வளவு நெருக்கம், யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிமிர்கிற வேகம் மாறும். லேசர் துடிப்பின் மின்புலம் திரவத்துக்குப் போடுகிற பிரேக்தான் ஒளியியல் கெர் விளைவு. மூலக்கூறுகள் கணநேரம் ஒரே பக்கம் திரும்பி, மறுபடி கலைகின்றன. முதலில் பக்கத்து ஆளோடு மோதி நடுங்குகிற அவசர அசைவு. அப்புறம் நிதானமாகத் திரும்பிக்கொள்கிற அசைவு. இரண்டாவது துடிப்பு இரண்டையும் தனித்தனியாக அளந்துவிடும். பலவீனமான பிணைப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று திரவத்துக்குள் பார்க்கிற வழிகளில் இது ஒன்று.

மின்புலத்தில் திரும்பும் மூலக்கூறும், அதை இடிக்கிற பக்கத்து மூலக்கூறும்தான் 1927-ல் அவர்கள் காகிதத்தில் போட்ட கணக்கு. அன்றைக்கு அவர்களிடம் இருந்தது மின்தகடும் வோல்டேஜும்.

டெல்லிக்குப் போனால் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வழி கேளுங்கள். அது இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தை அணுக் கடிகாரங்கள் வைத்துக் காப்பாற்றி வருவது அந்த ஆய்வகம்தான்.